ஆளுக்கு ஒரு பாட்டில்

கப்பல் கம்பெனி அனுப்பியிருந்த விதிமுறைகள் மொத்தம் பதினாலு பக்கம். உயிர்காக்கும் சட்டையை எப்படி மாட்டுவது, கடல் மயக்கம் வந்தால் என்ன செய்வது, இரவுச் சாப்பாட்டுக்கு அரைக்கால் சட்டையோடு வரலாமா என்று ஏதேதோ இருந்தது. என் மனைவி அத்தனையையும் தள்ளிவிட்டு ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். கப்பல் ஏறும் நாளில் மட்டும், வயது வந்த பயணி ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுவரலாம்.

"ஆளுக்கு ஒண்ணு போட்டிருக்கான்" என்றாள்.

"நம்மள்ல யாரு குடிக்கிறது?"

"ரேஷன்ல பாமாயில் போடறான். நாம என்ன பாமாயில்லயா சமைக்கிறோம்? அதுக்காக வாங்காம விட்டுடறோமா?"

எனக்குப் பதில் வரவில்லை. மாதம் தவறாமல் வரிசையில் நின்று அந்தப் பாமாயிலை வாங்குகிறவன் நான்தான். வாங்கி, வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம். அவர்களும் ஒரு கார்டு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். எங்கள் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் முறைப்படி முடித்த கையோடு, "நாலு ராத்திரி கப்பல்ல போயிட்டு வரலாம்பா, மாமா அத்தையும் வரட்டும்" என்று மகள் டிக்கெட்டே போட்டுவிட்டாள். மாமா அத்தை என்றால் எங்கள் சம்பந்திகள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீடு. அவர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு வந்தவன். அவர் எதையும் வட்டியாகப் பார்ப்பார். நான் எதையும் வெர்னியர் காலிப்பரோடு பார்ப்பேன்.

சம்பந்தி முதலில், "எதுக்கு சிங்கப்பூர்? சென்னையிலிருந்தே கப்பல் இருக்கே" என்றார். 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிய கோர்டேலியா கப்பலை அவர் டிவியில் பார்த்திருக்கிறார். விசாகப்பட்டினம் போய், புதுச்சேரியைத் தொட்டுவிட்டுச் சென்னை திரும்புவதாக ஏற்பாடு. கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, புதுச்சேரியில் ஆட்களை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. குடிப்பதற்கென்றே பக்கத்து ஜில்லாக்காரர்கள் பஸ் ஏறிப் போகிற ஊர் புதுச்சேரி. அங்கேயே நடுக்கடலில் நிறுத்துகிறார்கள் என்றால் அந்தக் கப்பலில் ஏதோ விசேஷம் இருக்கத்தான் வேண்டும் என்பது சம்பந்தியின் வாதம். ஆனால் மகள் இருப்பது சிங்கப்பூர். பேரனைப் பார்க்கிற ஆசையில் வாதம் தோற்றுப்போனது.

ஆக, மகளும் மாப்பிள்ளையும் தங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதில், நாலு பேருக்கு நாலு பாட்டில். எங்கள் பங்கு ரெண்டு.

ஒயின் எங்கே கிடைக்கும் என்று வெளியூர்க்காரர் யோசிக்கலாம். ஓசூர்க்காரன் யோசிக்க மாட்டான். ஊரை விட்டு வடக்கே கிளம்பினால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இறங்கினதும் கண்ணில் படுவது மதுக்கடைகள்தான். பெங்களூரிலிருந்து வருகிறவனுக்கு அது கடைசி வாய்ப்பு, ஓசூரிலிருந்து போகிறவனுக்கு முதல் வாய்ப்பு. நடுவில் கடைக்காரருக்கு ரெண்டு பக்கமும் வாய்ப்பு. பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு, எந்த பிராண்ட் எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதெல்லாம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். மூன்று மொழி பேசுகிற ஊர் என்று எங்களைப் பெருமையாகச் சொல்வார்கள். நாலாவதாக விலை என்று ஒரு மொழி இருக்கிறது, அதில்தான் எங்களுக்குச் சரளம் அதிகம்.

இந்த இடத்தில் ராஜாஜியை இழுக்காமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்த தொரப்பள்ளி எங்களுக்குப் பக்கத்துக் கிராமம். பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்தவர், அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதல்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். அதாவது, சொந்த ஊர்க் கள்ளுக்கடையைத்தான் முதலில் மூடினார். கடையை மூடினால் கஜானாவில் பள்ளம் விழுமே! அதை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி என்று ஒன்றைப் போட்டார். நாட்டிலேயே அதுதான் முதல். பிற்பாடு அந்த வரியைப் பிடிப்பதற்கு ஊர் ஊராக எல்லையில் சோதனைச்சாவடி வந்தது. ஜூஜூவாடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றதற்கு மூலகாரணம் தேடிக்கொண்டே போனால் தொரப்பள்ளியில்தான் போய் நிற்கும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1971இல் மதுவிலக்கு போனது, திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். கள்ளுக்கடைக்குப் பதிலாக வந்த வரியும் போகவில்லை, மூடிப் போன கடையும் திரும்பி வந்துவிட்டது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது வரிச் சாவடிகளை எடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் கம்பெனி லாரி டிரைவர் ஒருவர் ஜூஜூவாடியில் நிற்காமல் வந்த பரவசத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஏறக்குறைய எல்லாச் சரக்குக்கும் எல்லை போய்விட்டது. ஆனால் ஒரு முக்கியமான சரக்குக்குப் போகவில்லை. குடிக்கிற மது ஜிஎஸ்டிக்குள் வராது. அதனால்தான் தமிழில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை இருந்தாலும், ஜூஜூவாடியில் போலீஸ்காரர் "என்ன சரக்கு?" என்று கேட்டால் அவர் எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது.

நான் செய்த தப்பு, ஒரு மாதம் முன்னாலேயே வாங்கியது. தரக்கட்டுப்பாட்டில் இருந்தவனுக்குக் கடைசி நேர ஓட்டம் ஆகாது. கண் பரிசோதனைக்காகப் பெங்களூர் போன அன்று, சம்பந்தி என்னைக் கடைக்கே அழைத்துப் போனார். நந்தி மலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு ஒருமுறை சுற்றுலா போய்வந்ததிலிருந்து அவருக்கு ஒயினைப் பற்றி எல்லாம் தெரியும். 1988இல் அங்கே பிரெஞ்சு வகைத் திராட்சையை நட்டார்கள், ஷாம்பெயின் பிரதேசத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து சொல்லிக் கொடுத்தார், அதற்கு முன்பிருந்தே அந்தப் பக்கம் விளைகிற பெங்களூர் நீலத் திராட்சை வேறு ஜாதி என்று கடை வாசலிலேயே பாடம் நடத்தினார். கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்து, "சார், எண்ணூத்து ஐம்பதா, ஆயிரத்து இருநூறா?" என்றார். சம்பந்தி எண்ணூற்று ஐம்பதையே தேர்ந்தெடுத்தார்.

நாங்கள் விமானம் ஏறப்போவது பெங்களூரிலிருந்து. விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நந்தி மலைக்குப் போகிற வழியில். ஒயின் பிறந்ததும் அந்தப் பக்கம்தான். பாட்டிலைச் சம்பந்தி வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தால் அது தன் தாய்வீட்டு வழியாகவே கிளம்பியிருக்கும். அதை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓசூருக்குக் கொண்டுவந்து, மறுபடி எழுபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கொண்டுபோனேன். ஏன் என்று இன்றுவரை மனைவி கேட்கிறாள். பெட்டியை வீட்டில் வைத்து எடை போட வேண்டாமா?

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பாட்டில் லேபிளைச் சரியாகப் படித்தேன். வேலைப் பழக்கம், எதையும் வாங்கினபின்தான் படிப்பேன். கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. வெளிமாநிலச் சரக்கு என்று மதுவிலக்குப் போலீசார் பிடிக்கிற செய்தி எங்கள் ஊர்ப் பேப்பரில் வாரம் தவறினாலும் மறுவாரம் வரும். அட்டைப் பாக்கெட்டில் வருகிற 90 மில்லி கர்நாடக விஸ்கியைப் பால் கேனுக்குள் வைத்தார்கள், ஸ்டெப்னி டயருக்குள் வைத்தார்கள் என்று படித்துவிட்டு, "இப்படியும் ஒரு பொழப்பா" என்று காப்பி குடித்தவன் நான். இப்போது என் மடியில் ரெண்டு முழு பாட்டில். பக்கத்துச் சீட்டில் ஒரு பாட்டி. அவர் முகத்திலிருந்த நிம்மதி எனக்குப் பொறாமையாக இருந்தது.

பொம்மசந்திராவில் பஸ் நின்றபோது கீழே இறங்கி, தள்ளுவண்டியில் ரெண்டு கட்டுக் கொத்தமல்லியும் ஒரு கட்டு வெந்தயக்கீரையும் வாங்கிப் பையின் மேல் பரப்பிவிட்டேன். துணிப்பை, மேலே கீரை, பொழுதோடு வீட்டுக்குப் போகிற அறுபது வயது மனிதர். இதைவிட யோக்கியமான காட்சி எல்லையில் கிடையாது என்று நினைத்தேன்.

ஜூஜூவாடியில் ஏறிய போலீஸ்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பையனின் பேக்கைத் திறக்கச் சொன்னார். அதில் லேப்டாப்பும் கசங்கிய சட்டையும். என்னிடம் வந்ததும் பையைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயா எந்த ஊரு?"

"ஓசூர்தான் தம்பி."

"கொத்தமல்லி எங்க வாங்கினீங்க?"

"பொம்மசந்திரா."

அவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொத்தமல்லி எங்கள் ஊர்க் காடுகளில் விளைந்து விடிகாலையில் வேன் வேனாகப் பெங்களூருக்குப் போகிற சரக்கு. எங்கள் உழவர் சந்தையில் கட்டு கட்டாகக் குவிந்து கிடக்கும். அதைப் பெங்களூரில் விலை கொடுத்து வாங்கி ஓசூருக்குக் கொண்டுவருகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை அடியில் எதையோ வைத்திருக்க வேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாம். கொல்லன் தெருவுக்கே ஊசி வாங்கிக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது?

"அங்க ஒரு கட்டு எவ்வளவு?"

"இருபது."

"ஏமாத்திட்டாங்க ஐயா" என்று ரொம்பப் பரிவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்தது அவர் பெருந்தன்மை. பக்கத்துப் பாட்டி மட்டும், "அடியில என்ன கண்ணு, கிணிங் கிணிங்னு சத்தம்?" என்றார். புளிச்சாறு என்றேன்.

வீட்டில் பாட்டில்கள் அரிசி டிரம்முக்குள் போயின. மனைவி அன்றிலிருந்து டிரம்மில் அரிசி எடுக்கும்போதெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பங்கை விடக்கூடாது என்று வாதாடியவள் அவள்தான். பங்கு வீட்டுக்கு வந்தபின் தூக்கம் போனதும் அவளுக்குத்தான். வீட்டில் கதவு சாத்துகிற பழக்கமே இல்லை என்பதால், நாங்கள் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது. நகை என்று நினைத்திருப்பார்கள்.

அவளுடைய சொந்தத் தயாரிப்புகள் இன்னொரு பக்கம் நடந்தன. கப்பலில் நம்ம சாப்பாடு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்லெண்ணெய் மிதக்க மிதக்கப் புளிக்காய்ச்சல். பருப்புப்பொடி. அப்புறம் மாங்காய் ஊறுகாய். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காயைப் பற்றி நான் அளக்கத் தேவையில்லை. எங்கள் ஜில்லாவில் கூழ் பிழிகிற தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற கிளிமூக்கு மாம்பழம் உலகத்தில் யார் யார் வீட்டு ஜூஸ் டம்ளரிலோ இருக்கிறது. வருஷா வருஷம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியே நடக்கிறது. அந்தக் கிளிமூக்கு காயாக இருக்கும்போது பறித்து, மனைவி போடுகிற ஊறுகாய்க்குச் சொந்தத்துக்குள் ஒரு மதிப்பு உண்டு. கல்யாணச் சீரில்கூட ஒரு ஜாடி போனது. இதோடு சாதம் வடிக்கக் கையடக்கமாக ஒரு குக்கரும், வெந்நீர் கெட்டிலும்.

விதிமுறையின் மீதிப் பதிமூன்று பக்கத்தை அவள் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. லேபிளைப் பற்றி முன்னமே சொன்னேனே.

பாட்டில்கள் என் வேஷ்டிக்குள் சுருண்டு பெட்டியில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த ஊர் ஒயினுக்கு வரி போட்டுத் தீட்டுகிற ஊர். அதிலும் ஒரு பயணி தன் பங்குக்குக் கொஞ்சம் வரியில்லாமல் கொண்டுவரலாம், நாங்கள் அந்த அளவுக்குள் இருந்தோம். சுங்கத்தில் பச்சை வழியாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஜூஜூவாடியைத் தாண்டினவனுக்குச் சாங்கி ஒரு பொருட்டா?

ரெண்டு நாள் கழித்து மெரினா பே கப்பல் முனையம். ஆயிரக்கணக்கில் கூட்டம். கல்யாண மண்டபம்போல் ஒரு கூடம், அதில் எக்ஸ்ரே யந்திரம். எங்கள் கைப்பை உள்ளே போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கினாள். எனக்கு மறுபடி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஞாபகம் வந்தது. அவள் பையைத் திறந்து, ரெண்டு ஒயின் பாட்டிலையும் வெளியே எடுத்து, லேபிளைப் பார்த்து, "ஓ, இந்தியன் ஒயின்!" என்று புன்னகையோடு திரும்ப வைத்தாள். பிறகு இன்னும் உள்ளே கையை விட்டு, புளிக்காய்ச்சல் டப்பா, ஊறுகாய் ஜாடி, குக்கர், கெட்டில் நாலையும் எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தாள். அந்த மேஜைக்குத்தான் நாங்கள் போகவேண்டும் என்று சைகை.

அந்த மேஜையை நான் மறக்க மாட்டேன். இஸ்திரிப் பெட்டிகள் மட்டும் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மின்சார அடுப்பு, எக்ஸ்டென்ஷன் பெட்டி, யாரோ ஒரு சீனத் தாத்தாவின் சூப் பானை, ஒரு பிள்ளையின் பொம்மைத் துப்பாக்கி. வாய் கொப்பளிக்கிற பச்சைத் தண்ணீர் பாட்டில் ஒன்றை ஓர் ஊழியர் திறந்து முகர்ந்து கொண்டிருந்தார். மாப்பிள்ளை காதோடு விளக்கினார்: கப்பலில் குடி விலை அதிகம் என்று வோட்காவில் பச்சை நிறம் கலந்து அந்த பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவார்களாம். அதற்கென்றே மடிக்கிற பிளாஸ்டிக் பைகூட விற்கிறார்களாம். பால் கேனும் ஸ்டெப்னியும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஆட்களை ஒரு வாரம் அத்திப்பள்ளியில் பயிற்சிக்கு விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

எங்கள் கெட்டிலுக்கும் குக்கருக்கும் டோக்கன் கொடுத்தார்கள், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். நடுக்கடலில் தீ என்றால் ஓடுவதற்கு இடமில்லை, நியாயம்தான். வீட்டில் செய்த சாப்பாட்டுக்கு டோக்கன் கிடையாது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நாலு நாளில் கப்பல் முழுக்கப் பரவிவிடும், அதனால் கம்பெனி சீல் வைத்த உணவு மட்டும்தான் உள்ளே வரலாம். அதுவும் நியாயம்தான். புளிக்காய்ச்சலின் நல்லெண்ணெயில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்று என் மனைவி தமிழில் எடுத்துச் சொன்னாள். மகள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"குடிக்கிறதை ஆளுக்கு ஒண்ணுன்னு உள்ளே விடறான், திங்கிற சோத்தை வெளியே நிறுத்தறான். இது என்னங்க ஊரு?"

"ஊரு இல்லம்மா, கப்பல்" என்றான் பேரன்.

ஊறுகாய் ஜாடி ஒரு பெரிய கறுப்புத் தொட்டிக்குள் போனது. அதைவிடப் பெரிய அடி பின்னால் விழுந்தது. சம்பந்தியம்மாள் கொண்டுவந்திருந்தது கடையில் வாங்கிய ஊறுகாய், சீல் உடைக்காத பாக்கெட். அதைச் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டார்கள். நாலு நாளும் என் மனைவி சம்பந்தியம்மாளிடம் கடை ஊறுகாய்க்குக் கைநீட்ட வேண்டியதாயிற்று. சீரில் ஜாடி அனுப்பிய கை அது. "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் வினிகர் தூக்கல்" என்றாள் முதல் நாள். மறுநாள் அதையும் சொல்லவில்லை.

அன்று இரவு சம்பந்தி பாட்டிலைக் கையில் ஏந்தி, சபைக்குக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்தார். மேஜைக்கு வந்த பரிமாறுகிறவர் பிலிப்பைன்ஸ்காரர், நல்ல பையன். திறப்பதற்கு முன்னால் குனிந்து மெதுவாக ஒரு விஷயம் சொன்னான். அறையில் வைத்துக் குடித்தால் ஒன்றுமில்லை. இங்கே மேஜையில் குடிப்பதானால் கார்க்கேஜ், 20 டாலர்.

"கார்க்கேஜ்னா?" என்றாள் மனைவி.

"மூடியைப் பிடுங்கற கூலி" என்றேன்.

"மூடி நம்மளது, சரக்கு நம்மளது, பிடுங்கறதுக்கு ஆயிரத்து எழுநூறா?"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எந்தக் காலத்தில் யார் சொன்னாரோ, அவர் ஒரு கப்பலில் போயிருக்க வேண்டும். சேலம் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி தாண்டி ஒவ்வொரு ஓட்டலிலும், வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுக்கு அனுமதியில்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் டீ மட்டும் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் வைத்தே இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டு எழுந்து வருவோம். கப்பலில் முதுகைக் காட்ட இடமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லா. டிக்கெட்டை மலிவாகக் கொடுத்து ஆளை ஏற்றிவிட்டு, குடியிலும் கடையிலும் சூதாட்டத்திலும்தான் கப்பல்காரன் காசு பார்க்கிறான் என்று சம்பந்தி பேங்க் பாஷையில் விளக்கினார். நம் அரசாங்கமும் ஏறக்குறைய அப்படித்தானே ஓடுகிறது என்று நான் சொல்லவந்தேன். மாப்பிள்ளை முன்னால் அரசியல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு தூரம் வந்து கௌரவத்தை விடலாமா? சம்பந்தி அறை அட்டையை நீட்டிவிட்டார்.

அந்தப் பையன் வேலை செய்ததை நான் தரக்கட்டுப்பாட்டுக் கண்ணோடு பார்த்தேன். சிறு கத்தியால் தகட்டை ஒரே வட்டமாக அறுத்தான். திருகை நடு மையத்தில் வைத்து, கை நடுங்காமல் இறக்கினான். ஒரு டிகிரி சாயவில்லை. கார்க் வெளியே வரும்போது சத்தமே இல்லை. எங்கள் லைனில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் ரிஜக்‌ஷன் பாதியாகியிருக்கும். 20 டாலரில் அஞ்சு டாலர் அந்த வேலைக்குத் தகும் என்று முடிவு கட்டினேன்.

சம்பந்தி கிளாஸைச் சுற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். "பழவாசனை" என்றார். நான் ஒரு வாய் வைத்தேன். கசப்பு, துவர்ப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. மனைவி நாக்கு நுனியில் தொட்டுவிட்டு, "டெங்கு சமயத்துல குடிச்சோமே, அதே மாதிரி" என்றாள். நிலவேம்புக் கஷாயத்தைச் சொல்கிறாள். சம்பந்தியம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்றார். ஊறுகாய் விஷயத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் இடம் அதுதான்.

யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பாண்டியனுக்கு ஊற்றிக் கொடுப்பதாகப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ஒயின் வந்த ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நம் கரைக்கு அந்தச் சரக்கு வந்து ரெண்டாயிரம் வருஷமாகிறது. கலம் என்றால் கப்பல் என்றும் பொருள், பாத்திரம் என்றும் பொருள். நக்கீரர் சொன்னது எதை என்று உரைகாரர்கள் யோசித்திருக்கிறார்கள். என் கவலை வேறு. பாண்டியன் சபையில் அதைத் திறந்து ஊற்றிய பெண்ணுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? நக்கீரர் போன்ற ஆள் அதைக் கேட்காமலா இருந்திருப்பார்?

சம்பந்தி வீட்டு ரெண்டு பாட்டிலில் ஒன்று அன்றைக்கு இப்படி முடிந்தது. இன்னொன்றை அவர் அறையிலேயே, கூலி கொடுக்காமல், பல் துலக்குகிற டம்ளரில் ஊற்றி ரெண்டு நாளில் முடித்தார். பழவாசனை பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் பங்கு ரெண்டும் வேஷ்டிக்குள்ளேயே கிடந்தன. ஒன்றைக் கடைசி நாள் அந்தப் பரிமாறுகிற பையனுக்குக் கொடுக்கப் போனோம். ஊழியர்கள் வாங்கக்கூடாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பருக்கு ஒன்று போனது. மீதி ஒன்றை மகள் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மறுத்தாள். "ஒயின்லாம் வேணாம்பா. அடுத்த தடவை வரும்போது அம்மா ஊறுகாய் கொண்டுவாங்க."

ஆக, கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சடித்த அந்த பாட்டில் ஓசூர் பார்த்து, சிங்கப்பூர் பார்த்து, நடுக்கடல் பார்த்து, மறுபடி தேவனஹள்ளியில் வந்து இறங்கியது. டாக்சி பிடித்தோம். பெங்களூர் டிராபிக்கைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த நேரத்தில் முக்கால்வாசி ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் போனது. அத்திப்பள்ளி வரும்போது சாயங்காலம் ஆறு மணி. கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

டிரைவர் கிருஷ்ணகிரிப் பையன். வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"சார், இதுக்கு மேல நம்ம பார்டர். ஏதாவது வாங்கறதா இருந்தா இங்க நிறுத்தட்டுமா? எல்லாரும் கேப்பாங்க, அதான். அந்தப் பக்கம் இந்த பிராண்டெல்லாம் கிடைக்காது."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து என் மனைவி, கையில் கெட்டிலை வைத்துக்கொண்டு, கண்ணாடி இறக்கியிருக்கிறதே என்கிற நினைப்புகூட இல்லாமல், சத்தமாகச் சொன்னாள்:

"வேணாம் தம்பி, நாங்க கையோட கொண்டுவந்திருக்கோம். நீ வண்டியை எடு."

எதிரே ஜூஜூவாடி.